உள்விதியை அறியாமல் தீர்ப்புச் சொல்லலாமா?





"இந்த விளையாட்டு ஹலாலா, ஹராமா?" என்பது மக்தப் ஆசிரியர்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வியாகிவிட்டது. கைப்பேசித் திரையில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். வாளேந்திய வீரன் ஒருவன் இருப்பான். பின்னால் இடிந்த கோட்டையும் பறக்கும் நாகமும் தெரியும். ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்பார்கள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஹராம் என்று சொல்லிவிடுவது எளிது. "பிள்ளைகள் விளையாட்டுத்தானே" என்று விட்டுவிடுவதும் எளிது. இரண்டு பதில்களும் ஒரே இடத்தில் தவறுகின்றன. அந்த விளையாட்டு உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹு படித்த எவரும் மறவாத விதி ஒன்றுண்டு. ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளைச் சரிவர விளங்கிக்கொள்வதிலிருந்து கிளைப்பது என்பதே அது. வியாபார ஒப்பந்தம் ஒன்றைப் பற்றி ஃபத்வா கேட்டால் நம் உலமாக்கள் அதன் பெயரை மட்டும் கேட்டுப் பதில் சொல்வதில்லை. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, பொருள் எப்போது கைமாறுகிறது, இழப்பு நேர்ந்தால் யார் சுமப்பது என்றெல்லாம் விசாரித்த பின்பே வாய் திறப்பார்கள். பிள்ளைகளின் பொழுதையும் பெற்றோரின் பணத்தையும் ஒருங்கே விழுங்கும் காணொளி விளையாட்டுகளுக்கும் அதே விசாரணை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உழைப்புக்குப் பிடிபடும் விதி

எடுத்துக்காட்டாக, இளைஞர்கள் பெரிதும் பேசும் எல்டன் ரிங் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25 அன்று வெளியிட்டது. இயக்கியவர் ஹிடேட்டாகா மியாசாகி. 2024க்குள் இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்றுவிட்டன. இதனை ஆடக் கணினியோ, வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் பிளே ஸ்டேஷன் போன்ற கருவியோ தேவை. ஆகவே எங்கள் சித்தன்னவாசல் போன்ற சிற்றூர்களில் ஆடுவோரைவிட யூடியூபில் பார்ப்போரே மிகுதி. ஆயினும் இதன் பெயரை அறியாத பதின்வயதுப் பிள்ளைகள் குறைவு.

இவ்விளையாட்டின் புகழுக்கு முதற்காரணம் அதன் கடினம். "எளிது", "நடுத்தரம்" என்று தேர்ந்துகொள்ளும் வசதி இதில் இல்லை. 'பாஸ்' என்று பிள்ளைகள் அழைக்கும் பெரும் எதிரி ஒருவனிடம் இருபது, முப்பது முறை மடிந்த பின்பே பலருக்கு வெற்றி கிட்டுகிறது. இரண்டாவது காரணம், விதிகளில் பலவற்றை இது வாய்விட்டுச் சொல்வதில்லை.

சிலவற்றைப் பார்ப்போம். வீரன் அணியும் கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் எடை உண்டு. அவன் தாங்கக்கூடிய எடையில் 30 விழுக்காட்டுக்குக் கீழே சுமந்தால் விரைந்து உருண்டு அடியிலிருந்து தப்பலாம். 70 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் உருளுதல் மந்தமாகிவிடும். சுமை இலேசா, கனமா என்பதைத் திரை காட்டும். எல்லைக்கோடு எந்த எண்ணில் விழுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். உயிர்வலிமையை வளர்ப்பதிலும் இப்படி ஒரு மறைவிதி உண்டு. வலிமை நிலை 40ஐ எட்டும்போது உயிர்ப்புள்ளிகள் 1,450. 60ஐ எட்டும்போது 1,900. 99ஐ எட்டும்போது 2,100. அதாவது 40க்கு மேல் ஏறும் இருபது படிகள் 450 புள்ளிகளைத் தருகின்றன. அதற்கு மேல் ஏறும் முப்பத்தொன்பது படிகள் 200 புள்ளிகளையே தருகின்றன. இதை அறியாதவன் உழைப்பை வீணாக்குவான். அறிந்தவன் வேறு திறனுக்குத் திருப்புவான். எதிரி ஒவ்வொருவனுக்கும் திரையில் தெரியாத நிலைகுலைவு அளவு ஒன்றும் உண்டு. பாய்ந்து அடிக்கும் அடியும் நின்று ஓங்கி அடிக்கும் அடியும் அதனை விரைவாகக் கரைக்கும். அது தீர்ந்ததும் எதிரி மண்டியிடுவான். இன்னும் சில எதிரிகள் ஓங்கிய வாளை உடனே இறக்காமல் ஒரு கணம் தாமதிப்பார்கள். பதற்றத்தில் முன்கூட்டியே உருண்டவன் அந்தத் தாமதத்தில் மாட்டிக்கொள்வான்.

இந்த விதிகளை உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள் சோதித்து, அட்டவணையிட்டு, ஒருவர் கணக்கை மற்றொருவர் சரிபார்த்து வெளிக்கொணர்ந்தார்கள். வதந்திகளும் உலவின. குறிப்பிட்ட ஒரு சுவர் ஏறத்தாழ 50 அடிகளுக்குப் பின் மறைகிறது என்று வெளியான சில வாரங்களில் தெரியவந்ததும், பலர் கண்ட சுவரையெல்லாம் அடித்துப் பார்க்கத் தொடங்கினர். அது வேண்டுமென்றே வைத்ததா, நிரலில் நேர்ந்த பிழையா என்ற விவாதமும் எழுந்தது. "சொன்னவர் யார்? அவரே கண்டாரா? வேறு யாருக்கும் அப்படி நேர்ந்ததா?" என்று அவர்கள் கேட்ட கேள்விகள், அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் மாணவனுக்கு அந்நியமானவை அல்ல. எதை ஆராய்கிறார்கள் என்பதில் நமக்கு வருத்தம் இருக்கலாம். ஆராயும் ஆற்றல் நம் பிள்ளைகளிடம் இல்லை என்று மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது.

இத்தகைய மறைவிதியின் இயல்பை விளக்க எங்கள் ஊர் மலையே போதும். சித்தன்னவாசல் என்றால் அறிவர் கோயில் ஓவியங்களையே வெளியூரார் நினைப்பார்கள். அதே மலையில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ள ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. பாறையில் வெட்டிய ஏழு குழிகளே அப்பெயருக்குக் காரணம். முதன்முறை செல்பவருக்குக் கால் நடுங்கும். எங்கே மிதிப்பது என்று தெரியாது. ஆனால் குழிகள் இடம் மாறுவதில்லை. ஏழைக்கும் செல்வனுக்கும் அதே ஏழு குழிகள்தாம். ஒருமுறை கற்றுக்கொண்டவர் அடுத்தமுறை வழிகாட்டியாகிவிடுவார். கடினம் என்பது வேறு, ஏமாற்று என்பது வேறு. எல்டன் ரிங்கின் மறைவிதி கடினத்தின் வகையைச் சேர்ந்தது. எல்லார்க்கும் அது ஒன்றே. பணம் கட்டி அதனை வளைக்க முடியாது.

பணத்துக்காக மறைக்கப்படும் விதி

அதே வாள், அதே நாகம், அதே மாய உலகம் கொண்ட வேறு விளையாட்டுகள் உண்டு. 2020 செப்டம்பர் 28 அன்று வெளியான சீனத்துக் கென்ஷின் இம்பாக்ட் அவற்றுள் ஒன்று. கைப்பேசியிலேயே ஓடும், தரவிறக்கக் காசு இல்லை. எனவே பெற்றோருக்கு இது தீங்கற்றதாகத் தோன்றும். இதில் சிறந்த வீரர்களையும் ஆயுதங்களையும் பெறக் குலுக்கல் முறை ஒன்று இருக்கிறது. ஐந்து நட்சத்திர வீரர் ஒரு குலுக்கலில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90 குலுக்கலுக்குள் ஒருவர் நிச்சயம் கிடைப்பார் என்ற உறுதி உண்டு. ஆனால் அவர் பிள்ளை நாடிய வீரராகத்தான் இருப்பார் என்ற உறுதி முதல்முறை கிடையாது. நாடியவரை உறுதியாக அடைய 180 குலுக்கல் வரை போக நேரலாம். ஏறத்தாழ 74ஆம் குலுக்கலிலிருந்து வாய்ப்பு உயரத் தொடங்குகிறது என்பதை ஆட்டக்காரர்கள் தங்கள் கணக்குகளைத் திரட்டித்தான் ஊகித்தார்கள்.

பணம் செல்லும் வழியையும் கவனியுங்கள். ரூபாய் முதலில் ஒருவகைப் பளிங்காக மாறும். பளிங்கு ஒருவகை மணியாக மாறும். 160 மணிகள் ஒரு குலுக்கல் சீட்டாக மாறும். 180 குலுக்கலுக்கு 28,800 மணிகள். அது எத்தனை ரூபாய் என்று பத்து வயதுப் பிள்ளை எப்படிக் கணக்கிடுவான்? வெளிநாட்டில் உழைக்கும் தந்தை அனுப்பிய பணம், தாயின் கைப்பேசியில் உள்ள யூபிஐ வழியாகப் பளிங்காகி மணியாகிக் கரைந்துபோவது வீட்டில் யாருக்கும் தெரியாது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இந்நிறுவனத்தின் மீது இதே குற்றச்சாட்டைத்தான் சுமத்தியது. நாணயங்களை அடுக்கடுக்காக வைத்து உண்மைச் செலவை மறைத்தது, வாய்ப்பைப் பற்றித் தவறான எண்ணம் ஊட்டியது என்று கூறியது. நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் ஒப்புதலின்றி 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குக் குலுக்கல் பெட்டிகளை விற்பதை நிறுத்தவும் இசைந்தது.

இதைவிடக் கசப்பான செய்தி தென்கொரியாவிலிருந்து வந்தது. மேப்பிள் ஸ்டோரி என்ற புகழ்பெற்ற மாய உலக விளையாட்டில், ஆயுதத்தின் திறனைக் குலுக்கி மாற்றும் 'கியூப்' என்ற பொருளை நெக்சன் நிறுவனம் விற்றது. ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பிய திறன்கள் விழும் வாய்ப்பை 2010இல் அது சொல்லாமல் குறைத்தது. 2011 ஆகஸ்ட் முதல் 2021 மார்ச் வரை, மக்கள் தேடிய சில சேர்க்கைகள் அறவே விழாதபடி மாற்றி வைத்திருந்தது. வாய்ப்பு சுழியமாகிவிட்டதை அறியாமல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மக்கள் காசு கட்டிக் குலுக்கினார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு நேர்வணிக ஆணையம் ஏறத்தாழ 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. ஏழடிப்பட்டத்தில் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கையில் மேற்குழிகளை இரவோடிரவாகப் பூசி அடைத்துவிட்டு, "ஏறுங்கள், இன்னும் கொஞ்சம்தான்" என்று கட்டணம் வாங்குவதற்கு இது ஒப்பாகும்.

மார்க்கத்தின் அளவுகோல்

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பகடை உருட்டி ஆடும் நர்தஷீரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பின்னர் சதுரங்கம் பற்றிய கேள்வி எழுந்தபோது ஃபுகஹாக்கள் கருத்து வேறுபட்டனர். ஹனஃபி மத்ஹபில் அது கடும் வெறுப்புக்குரியது. ஷாஃபிஈ மத்ஹபில், பந்தயம் இல்லாமலும் தொழுகையைத் தவறவிடாமலும் தீய பேச்சு இல்லாமலும் ஆடினால் அது ஹராம் ஆகாது, ஆயினும் மக்ரூஹ் என்றனர். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்த ஷாஃபிஈ அறிஞர்கள் தந்த காரணம் ஆட்டத்தின் உள்விதியே. நர்தில் காயை நகர்த்துவது பகடை விழும் விதம். சதுரங்கத்தில் நகர்த்துவது ஆடுபவரின் சிந்தனை. பலகையின் நிறத்தையோ காயின் வடிவத்தையோ மட்டும் பார்த்து அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை.

குலுக்கல் பெட்டிக்கு நெருங்கிய முன்னுதாரணமும் நம் நூல்களில் இருக்கிறது. கல்லெறிந்து, அது எதன்மீது விழுகிறதோ அதுவே விற்பனையான பொருள் என்று கொள்ளும் வியாபாரம் அறியாமைக் காலத்தில் இருந்தது. அதனையும், நிச்சயமின்மை மலிந்த கரர் வியாபாரத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். பணத்தைக் கொடுத்த பின்பே கையில் என்ன விழுந்தது என்று தெரியவரும் இன்றைய பெட்டிக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன வேறுபாடு?

மைஸிர் எனும் சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் அல்பகரா 219ஆம் வசனத்திலும் அல்மாயிதா 90, 91ஆம் வசனங்களிலும் பேசுகிறது. அன்றைய அரபிகள் ஆடிய மைஸிரில் பத்து அம்புகள் இருந்தன. ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. அறுத்த ஒட்டகத்தின் இறைச்சி அம்பு விழும்படி பிரிக்கப்பட்டது. வென்றவர்கள் அதனை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசினார்கள். எண்ணிப் பாருங்கள்: அங்கே அம்புகளின் கணக்கு எல்லோருக்கும் தெரியும், கிடைத்தது ஏழையின் வயிற்றுக்குப் போயிற்று. அத்தகைய மைஸிரையே அல்லாஹ் தடுத்துவிட்டான். கணக்கையும் மறைத்து, கிடைத்ததையும் தானே எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தின் குலுக்கலை எந்த வாயிலால் உள்ளே விடுவது?

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கடிந்து, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்த நிகழ்வை நாம் அறிவோம். அவர்கள் குவியலின் மேற்பரப்போடு நின்றுவிடவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். விளையாட்டுகளிலும் நாம் பின்பற்ற வேண்டிய ஸுன்னத் அதுவே.

நாட்டுச் சட்டம் எட்டும் தூரம்

இணையச் சூதாட்டத்தால் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்டு தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் என்று பட்டியலிட்டதை நீக்கியது. அவை திறன் விளையாட்டுகள் என்பது அதன் முடிவு. பின்னர் 2025இல் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்த மாநில விதிமுறைகளை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. எனினும் இச்சட்டங்களின் முதன்மைக் குறி பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டமே. பணம் கட்டி ஒரு பொம்மை வீரனை மட்டும் 'வெல்லும்' பிள்ளையின் வீட்டுக் கதவை அவை எளிதில் தட்டுவதில்லை. பெல்ஜியம் 2018லேயே சில விளையாட்டுகளின் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. பல நாடுகள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. அரசு எட்டாத இடத்தில் ஈமானும் குடும்பமும்தான் காவல் நிற்க வேண்டும்.

கடினமான ஆட்டத்துக்கும் கணக்குண்டு

எல்டன் ரிங்கில் குலுக்கல் பெட்டி இல்லை என்பதால் அதற்கு நற்சான்று எழுதுகிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். அதன் கதையுலகம் பல தெய்வங்களாலும் சூனியத்தாலும் நிரம்பியது. அகீதா உறுதிப்படாத சிறுவனுக்கு அது ஏற்றதன்று. வளர்ந்தவனுக்கும் அது கற்பனை என்ற தெளிவு மாறாதிருக்க வேண்டும். நேரத்தின் கணக்கு அடுத்தது. "இன்னும் ஒரு முறை" என்ற ஆசைதான் இத்தகைய ஆட்டத்தின் மிகப் பெரிய மறைவிதி; அது எதிரியின் மீதன்று, ஆடுபவன் மீதே வேலை செய்கிறது. இஷாவுக்குப் பின் அமர்ந்து ஃபஜ்ரைத் தவறவிட்டவன் எந்த எதிரியை வீழ்த்தியிருந்தாலும் தோற்றவனே.

இங்கும் உள்விதியை அறிந்த பெற்றோருக்கே சொல் எடுபடும். பாங்கு சொன்னதும் அழைத்தால், "நடுவில் நிறுத்த முடியாது, அத்தா" என்று பிள்ளை சொல்வான். இவ்விளையாட்டில் சண்டையை நிறுத்திவைக்கும் வழக்கமான பொத்தான் இல்லை என்பது உண்மை. ஆனால் முகப்புக்குத் திரும்பி வெளியேறினால் ஆட்டம் தானே சேமித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. திரும்பி வந்தால் விட்ட இடத்தருகிலேயே நிற்கலாம். பாஸோடு மோதிக்கொண்டிருந்தால் அந்த ஒரு சண்டையை மட்டும் மீண்டும் தொடங்க வேண்டும். தொழுகைக்காக அதை இழப்பது ஓர் இழப்பா? இதை அறிந்த தந்தை கோபப்படாமல், "வெளியேறி வா, சேமித்திருக்கும்" என்பார். அறியாதவர் கத்துவார்; பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்வான்.

ஆகவே தடை விதிக்கும் முன்னும், அனுமதி தரும் முன்னும் பிள்ளையை அருகில் அமர்த்தி இவற்றைக் கேளுங்கள்: இதில் தோற்றால் எதனால் தோற்கிறாய், உன் பிழையாலா, குலுக்கலாலா? காசு கட்டியவனுக்கும் கட்டாதவனுக்கும் விதி ஒன்றா? காசு கட்டும்போது என்ன கிடைக்கும் என்று முன்பே தெரியுமா? பாங்கு சொன்னால் எப்படி நிறுத்துவாய்? பதில் சொல்லும்போதே பல பிள்ளைகளுக்குத் தீர்ப்புத் தாமாகவே புலப்பட்டுவிடும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் உலமாப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ பயானில் "மொபைல் கேம்" என்று பொதுவாகக் கண்டிப்பதோடு நிற்காமல், மாதத்தில் ஒருநாள் இளைஞர்களை அழைத்து அவர்கள் ஆடும் விளையாட்டின் இயங்குமுறையை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். எடையையும் விழுக்காட்டையும் வாய்ப்பையும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, ஃபராயிளு எனும் பாகப்பிரிவினைக் கணக்கும் ஸகாத்தின் நிஸாபும் கடினமாக இரா. அவர்கள் மொழியை நாம் அறிந்தால், நம் மொழியை அவர்கள் கேட்பார்கள்.

மறைவானவற்றை அறிந்த வல்ல அல்லாஹ், வெளித்தோற்றத்தில் மயங்காமல் உள்ளதை உள்ளபடி விளங்கித் தீர்ப்புச் சொல்லும் தெளிவை நமக்கும், ஹராமான காசில் ஒரு பைசாவும் நுழையாத வாழ்வை நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.